கலிகாரியில் வரைந்த நிழல்கள்: ஐரோப்பிய மௌனப்பட இயக்கங்கள் யாருடைய கைவேலை?

வெண்திரைவாசி எழுதியது:

ஐரோப்பிய மௌனப்படங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. ஜெர்மனிக்கு எக்ஸ்பிரஷனிசம் (மனத்தின் கலக்கத்தைக் கோணலான உருவங்களாகக் காட்டும் பாணி), பிரான்சுக்கு இம்ப்ரஷனிசம் (பாத்திரத்தின் கணநேர உணர்வைக் கேமராவால் காட்டும் பாணி), சோவியத் நாட்டுக்கு மான்டாஜ் (படத்துண்டுகளை வெட்டி ஒட்டிப் பொருள் உண்டாக்கும் தொகுப்பு) என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து இயக்குநர்களின் பெயர்களை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். இந்த முறையில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அதை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

'டாக்டர் கலிகாரி' 1920 பிப்ரவரி 26 அன்று பெர்லினின் மார்மோர்ஹவுஸ் திரையரங்கில் வெளியானது. இயக்கியவர் ராபர்ட் வீனே. தூக்கத்தில் நடக்கும் சேசாரேயை ஏவிக் கொலைகள் செய்விக்கும் கலிகாரியைப் பற்றி ஃபிரான்சிஸ் என்ற இளைஞன் சொல்லும் கதை அது; முடிவில் அவனே மனநல விடுதியின் நோயாளி என்றும், கலிகாரி அந்த விடுதியின் தலைவர் என்றும் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் கழிந்த ஒருவரிடம் எது நினைவில் நிற்கிறது என்று கேட்டால், சாய்ந்த சுவர்களையும், கோணிக்கொண்டு நிற்கும் சன்னல்களையும், தரையில் கறுப்புச் சாயத்தால் தீட்டப்பட்ட நிழல்களையும்தான் சொல்வார். அவற்றை ஆக்கியவர்கள் ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்ற மூன்று ஓவியக் கலைஞர்கள். நகராட்சி அலுவலகக் காட்சியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். எழுத்தர் ஆளுயரத்துக்கு மேலான முக்காலி ஒன்றின் உச்சியில் முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கிறார். கண்காட்சியில் கூடாரம் போட அனுமதி கேட்டு வந்த கலிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார். அதிகாரத்தின் முன்னே சாமானியன் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்பதை அந்த முக்காலியே சொல்லிவிடுகிறது. நடிகர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. சிறைக் காட்சியும் இப்படித்தான். சுவரிலிருந்து இறங்கித் தரையில் ஓடும் கோடுகள் எல்லாம் சங்கிலியால் பிணைக்கப்பட்ட கைதியை நோக்கிக் குவிகின்றன.

என் கருத்து இதுதான். இந்த இயக்கங்களை ஒரு படப்பிடிப்புக் கூடத்திலிருந்து இன்னொன்றுக்கும், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கும் சுமந்து சென்றவர்கள் கலை இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் படத்தொகுப்பாளர்களும்தான். விமர்சகர்கள் பின்னால் வந்து பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் கீழே இயக்குநர்களை உட்கார வைத்தது வரலாறு எழுதியவர்களின் வசதி. மறுப்பவர்கள் படங்களைக் காட்டி மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கல்மண்டபம் எழுதியது:

அன்புள்ள வெண்திரைவாசிக்கு, படத்தைக் காட்டியே மறுக்கிறேன். 'கலிகாரி' வெளிவந்த அதே 1920இல் அதே வீனே, அதே திரைக்கதையாசிரியர் கார்ல் மேயருடன் சேர்ந்து 'கெனுயினே' என்ற படத்தை எடுத்தார். அரங்குகளை அமைத்தவர் சேசார் கிளைன். அக்காலத்தில் பெயர்பெற்ற எக்ஸ்பிரஷனிச ஓவியர். வண்ணமும் வளைவும் நெளிவும் 'கலிகாரி'யைவிட அதில் அதிகம் என்றே சொல்லலாம். படம் எடுபடவில்லை. நடிகர்கள் அலங்கார வேலைப்பாட்டுக்குள் தொலைந்துபோனார்கள். ஓவியரின் கைதான் எல்லாம் என்றால் 'கெனுயினே' ஏன் தோற்றது?

'கலிகாரி'யில் அரங்கமைப்பு வேலை செய்வதற்குக் காரணம் கான்ராட் ஃபைட்டின் உடல். தூக்கத்தில் நடக்கும் சேசாரே, சுவரோடு சுவராக முதுகை உரசிக்கொண்டு, ஒரு கையை மெல்ல உயர்த்தியபடி கதாநாயகி ஜேனின் வீட்டை நோக்கிப் போகும் காட்சியில், அவன் மனிதனா சுவரில் தீட்டிய கோடா என்று பிரித்தறிய முடிவதில்லை. வெர்னர் கிராஸ் கலிகாரியாக நடக்கும் நடையும் அதே வகை. ஆனால் கதைசொல்லியாக வரும் ஃபிரீட்ரிக் ஃபேஹரையும் ஜேனாக வரும் லில் டகோவரையும் கவனியுங்கள். அவர்கள் அன்றைய நாடக மேடையின் வழக்கமான நடிப்பைத்தான் தருகிறார்கள். ஆகவே ஒரே படத்துக்குள்ளேயே இயக்கம் பாதி ஆட்களைத்தான் தொட்டிருக்கிறது.

கறாராகக் கணக்கெடுத்தால் எக்ஸ்பிரஷனிசப் படம் என்று சொல்லத் தகுந்தவை அரை டஜனுக்கு மேல் தேறாது. 'கலிகாரி', 'கெனுயினே', கார்ல்ஹைன்ஸ் மார்ட்டின் எடுத்த 'காலை முதல் நள்ளிரவு வரை', 'டோர்குஸ்', வீனேயின் 'ரஸ்கோல்னிகோவ்', பவுல் லேனியின் 'மெழுகுப் பொம்மைக் கூடம்' ஆகியவற்றோடு பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இவற்றில் மார்ட்டினின் படம் ஜெர்மனியில் முறையாகத் திரையிடப்படவே இல்லை. பிழைத்திருக்கும் பிரதி ஜப்பானில் கிடைத்தது. நடிகர்களின் உடையிலும் முகத்திலும்கூட வெள்ளைச் சாயம் பூசிய அந்தப் படம்தான் இவற்றில் மிகத் தீவிரமானது. அதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

'நொஸ்ஃபெராட்டு' என்ற இரத்தக்காட்டேரிப் படத்தை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முர்னாவ் அதை விஸ்மார், லூபெக் நகரத் தெருக்களிலும் ஸ்லோவாக்கியாவின் ஓராவா கோட்டையிலும் எடுத்தார். மாடிப்படியில் ஏறும் அந்தப் புகழ்பெற்ற நிழல், விளக்கொளியில் உண்மையான உடலிலிருந்து விழுந்த நிழல். 'கலிகாரி'யின் நிழல் தூரிகையில் பிறந்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது சோம்பல்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர்கள் இருவரும் படத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த இயக்கத்துக்கு இன்று நிலவும் பொருளைக் கொடுத்தது தோற்றம் மட்டும் அன்று. ஒரு நூலும் கொடுத்தது. சீக்ஃபிரீட் கிராக்காவர் 1947இல் வெளியிட்ட நூலில் கலிகாரியிலிருந்து இட்லர் வரை ஒரு கோடு கிழித்தார். அவருடைய வாதத்தின் அச்சாணி இது: மேயரும் ஹான்ஸ் யானோவிட்சும் எழுதிய மூலக்கதை வெறிபிடித்த அதிகாரத்துக்கு எதிரானது, கதை சொல்பவனே மனநோயாளி என்று காட்டும் முன்னுரையும் முடிவுரையும் பிறகு திணிக்கப்பட்டன, அதனால் கலகக் கதை அடங்கிப்போகும் கதையாக மாறிவிட்டது. யானோவிட்சின் நினைவுக் குறிப்புகளையே அவர் பெரிதும் நம்பினார்.

வெர்னர் கிராஸ் சாகும்வரை தன்னிடம் வைத்திருந்த திரைக்கதைப் பிரதி பின்னாளில் பெர்லின் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது இந்த வாதம் ஆட்டம் கண்டது. மூலத்திலேயே ஒரு சட்டகக் கதை, அதாவது உள்ளே நடக்கும் கதையைச் சுற்றி நிற்கும் வெளிக்கதை, இருக்கிறது. மனநல விடுதி அதில் இல்லை. ஃபிரான்சிஸ் பழைய சம்பவத்தைத் தன் வீட்டு முகப்பில் விருந்தினர்களிடம் அமைதியாகச் சொல்கிறான். திணிப்பு நடந்தது என்பது மெய். மூலம் தூய கலகக் கதையாக இருந்தது என்பது மெய்யன்று.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது திரையில் இருக்கும் சான்று. முடிவில் நாம் விடுதியின் முற்றத்துக்குத் திரும்புகிறோம். கதை பைத்தியக்காரனின் கற்பனை என்றால், கற்பனை முடிந்ததும் முற்றம் சாதாரண முற்றமாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. நட்சத்திரம் போல் விரியும் அதே தரைக் கோடுகள், அதே கோணல் வளைவுகள். நல்லவராக மாறிவிட்ட விடுதித் தலைவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டியதும் பார்வையாளனின் முதுகு சில்லிடுகிறது. அரங்கமைப்பாளர்கள் வேண்டுமென்றே செய்தார்களா, இன்னொரு அரங்கு போடப் பணமில்லாமல் விட்டுவிட்டார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். திரைக்கதையின் சமாதானத்தை ஓவியம் ஏற்க மறுக்கிறது. இந்த ஓர் இடத்தில் வெண்திரைவாசியின் பக்கம் நிற்கிறேன்.

சுருள்பெட்டி எழுதியது:

ஒளிப்பதிவுப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பகுதியை ஓவியத்தோடு மட்டும் முடித்துவிடக் கூடாது.

அன்றைய படச்சுருள் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் பதியாது. ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற அந்த வகைச் சுருளுக்குச் சிவப்பு கண்ணில் படாது. ஆகவே சிவந்த உதடு கறுப்பாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் பதியும். நடிகர்களின் முகப்பூச்சு அவ்வளவு கெட்டியாக இருந்ததற்கு இது ஒரு காரணம். இத்தகைய சுருளில் நுட்பமான ஒளி வேறுபாடுகளைக் காட்டுவது கடினம். வரைந்த நிழலுக்கு ஒரு வசதி உண்டு: விளக்கை எங்கே நகர்த்தினாலும் அது இடம் மாறாது. போருக்குப் பிந்தைய மின்சாரக் கட்டுப்பாடுதான் நிழலைத் தீட்டச் செய்தது என்ற கதையைத் தயாரிப்பாளர் எரிக் பொம்மர் பின்னாளில் சொன்னார். அதை முழுக் காரணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 'கலிகாரி'யில் பங்கேற்றவர்கள் ஒவ்வொருவரும் பிற்காலத்தில் ஒவ்வொரு கதை சொல்லி, பெருமையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

உண்மையான பாய்ச்சல் நான்காண்டு கழித்து, 1924இன் 'கடைசி மனிதன்' படத்தில் நடந்தது. கதை மிக எளியது. பெரிய ஓட்டலின் வாயிற்காப்போன், வயதாகிவிட்டதால் பளபளக்கும் சீருடையைப் பறிகொடுத்துக் கழிவறைப் பணியாளாக மாற்றப்படுகிறான். எமில் யானிங்ஸ் நடித்தார், முர்னாவ் இயக்கினார், எழுதியவர் அதே கார்ல் மேயர். தொடக்கத்தில் கேமரா மின்தூக்கியில் கீழே இறங்கி, கதவு திறந்ததும் நேரே கூடத்தைக் கடந்து சுழல்கதவை நோக்கிப் போகிறது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் கேமராவோடு மிதிவண்டியில் ஏறிக்கொண்டு எடுத்த காட்சி அது. வாயிற்காப்போன் குடித்துத் தள்ளாடும் இடத்தில் கேமராவைத் தன் மார்பில் கட்டிக்கொண்டு ஃபிராய்ண்டே தள்ளாடினார். கதையை விளக்கும் எழுத்து அட்டை படம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் வருகிறது; கதாசிரியர் இரக்கப்பட்டு நல்ல முடிவு ஒன்றைத் தருகிறார் என்று அறிவிக்கும் கிண்டலான அட்டை அது. அந்த முடிவு தேவையற்றது என்பது என் எண்ணம்.

சுவரைச் சாய்த்து மனத்தைக் காட்டியவர்கள், நேரான சுவருக்கு முன்னே கேமராவைச் சாய்த்து அதையே காட்டக் கற்றுக்கொண்டார்கள். எக்ஸ்பிரஷனிசம் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது.

வெண்திரைவாசி எழுதியது:

சுருள்பெட்டி ஐயா விட்டுவிட்ட ஒரு பெயரைச் சேர்க்கிறேன். 'கடைசி மனிதன்' படத்தின் அரங்குகளை ராபர்ட் ஹெர்ல்ட்டுடன் சேர்ந்து அமைத்தவர் வால்டர் ரோரிக். 'கலிகாரி'யின் மூவரில் ஒருவர். தூரத்துக் கட்டடங்களைச் சிறிதாகக் கட்டி, குறுகிய இடத்தில் நீண்ட தெருவின் ஆழத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை நடந்த ஆண்டில் நொய்பாபெல்ஸ்பெர்க் படப்பிடிப்பு வளாகத்துக்கு இன்னொரு படத்தின் வேலையாக லண்டனிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், முர்னாவின் அரங்கில் நின்று அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அப்போது இயக்குநர் இல்லை. உதவியாளராகவும் கலை இயக்குநராகவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்மண்டபத்தின் 'கெனுயினே' வாதம் என்னைத் தொடவில்லை. நல்ல கைவினைஞரும் சில வேலைகளில் சறுக்குவார். இயக்குநர்களின் தோல்விப் படங்களைக் காட்டி இயக்குநர் முக்கியமில்லை என்று யாரும் வாதிடுவதில்லையே.

முல்லைப்பாணன் எழுதியது:

ஜெர்மனியை வைத்து ஐரோப்பா முழுவதையும் அளப்பதை நிறுத்துமாறு வேண்டுகிறேன். பிரெஞ்சுக்காரர்களிடம் நடந்தது நேர் எதிர். அங்கே முதலில் வந்தது எழுத்து. லூயி தெலூக் திரைப்பட விமர்சகர்; 1920இல் 'ஃபோட்டோஜெனி' என்ற கருத்தை நூலாக எழுதினார். கேமராவின் வழியே பார்க்கும்போது ஒரு பொருளோ முகமோ புதிதாகப் பெறும் உயிர்ப்பை அவர் அப்படி அழைத்தார். பத்திரிகை நடத்தினார், திரைப்படக் கழகங்களுக்கு வித்திட்டார், பிறகு தாமே படம் எடுத்தார், 1924இல் 33 வயதில் இறந்தார். ழெர்மேன் துலாக், ழான் எப்ஸ்டீன், மார்செல் லெர்பியே ஆகிய மூவரும் எழுதிக்கொண்டே படம் எடுத்தவர்கள். ஆகவே விமர்சகர்கள் பின்னால் வந்து பெயர் வைத்தார்கள் என்ற விதி பிரான்சுக்குப் பொருந்தாது.

1921 நவம்பரில் 'கலிகாரி'யைப் பாரிசில் திரையிட ஏற்பாடு செய்தவரே தெலூக்தான். போர்ப் பகை ஆறாத காலத்தில் அது துணிச்சலான காரியம். படம் பரபரப்பை உண்டாக்கியது. 'கலிகாரிசம்' என்ற சொல்லே பிரெஞ்சில் புழங்கியது. ஆனால் எப்ஸ்டீனுக்கு அது பிடிக்கவில்லை. உயிருள்ள கேமராவின் முன்னே செத்த ஓவியத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்ற பொருளில் கடுமையாக எழுதினார்.

அவர் என்ன விரும்பினார் என்பதை 1923இன் 'நம்பிக்கையுள்ள இதயம்' படத்தின் குடைராட்டினக் காட்சியில் காணலாம். மரீயை அவள் வெறுக்கும் ஒருவன் மார்செய் நகரத்துத் திருவிழாவுக்கு இழுத்துவந்து ராட்டினத்தில் உட்கார வைத்திருக்கிறான். கேமராவும் ராட்டினத்திலேயே ஏறிக்கொள்கிறது. அவள் முகம் மட்டும் திரையின் நடுவில் அசையாமல் நிற்க, பின்னால் ஊரே கரைந்து ஓடுகிறது. ஷாட்டுகள் வரவரக் குறுகுகின்றன. கொண்டாட்டத்தின் வேகம் கூடக்கூட அவளுடைய திக்கற்ற நிலை நமக்கு உறைக்கிறது. இதில் எந்த ஓவியருடைய கை இருக்கிறது?

அபெல் கான்சின் 'சக்கரம்' இன்னும் ஒரு படி மேலே போனது. மலை விளிம்பில் தொங்கும் எலீ என்ற இளைஞனின் கண்முன் அவன் காதலித்த நோர்மாவின் முகங்கள் மின்னி மறைகின்றன. இறுதியில் ஒரு ஷாட்டுக்கு ஒரே ஒரு ஃபிரேம் (சுருளின் ஒற்றைப் படம்) என்ற அளவுக்குத் தொகுப்பு சுருங்குகிறது. துலாக்கின் 'புன்னகைக்கும் மேடம் பெதே' அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாதது. எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. வெற்றுத் துப்பாக்கியைத் தன் நெற்றியில் வைத்துத் தற்கொலை நாடகம் ஆடிச் சிரிப்பது கணவனின் வாடிக்கை. ஒருநாள் மனைவி அதில் குண்டுகளை நிரப்பிவைக்கிறாள். அதன்பின் ஒவ்வொரு கதவசைவும் அவளுக்கு எப்படிக் கேட்கும் என்பதை ஒலியே இல்லாத படம் நமக்குக் கேட்கச் செய்கிறது.

எந்தப் படப்பிடிப்புக் கூடத்தையும் நம்பாமல் எடுத்த படமும் உண்டு. திமித்ரி கிர்சனோஃபின் 'மெனில்மொந்தான்', 1926. எழுத்து அட்டையே கிடையாது. கைக்குழந்தையோடு குளிரில் பூங்கா இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒரு கிழவர் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார். அவள் முகத்தைப் பார்க்காமலே ஒரு துண்டை வெட்டி இருவருக்கும் நடுவில் வைக்கிறார், பிறகு இன்னொன்று. அவள் அழுதுகொண்டே எடுத்துத் தின்கிறாள். இதை எந்த இயக்கத்தின் கீழ் வைப்பீர்கள்?

புதுத்தடம் எழுதியது:

மூத்தவர்கள் நடுவே ஓர் ஐயம். ஸ்வீடனும் டென்மார்க்கும் ஏன் எவருடைய பட்டியலிலும் வரவில்லை? இயக்கம் என்று பெயர் பெறாததாலா?

கல்மண்டபம் எழுதியது:

நல்ல கேள்வி. பெயர் இல்லாததுதான் காரணம் என்றே நினைக்கிறேன். ஸ்வீடன் முதல் உலகப்போரில் நடுநிலை வகித்தது. 1917இல் இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரோமின் 'தெர்யே வீகன்' பெற்ற வெற்றிக்குப் பிறகு, ஸ்வென்ஸ்கா பியோ நிறுவனத்தின் சார்லஸ் மாக்னுசன் எண்ணிக்கையைக் குறைத்து, பணத்தைக் கொட்டிச் சில படங்களை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தார். கடலும் பனியும் மலையும் அந்தப் படங்களில் பின்னணியாக நிற்பதில்லை. பாத்திரங்களின் விதியை அவையே தீர்மானிக்கின்றன. ஸ்வீடிஷ் எழுத்தாளர் செல்மா லாகர்லோஃபின் கதைகள் அவர்களுக்குத் தோதாக அமைந்தன. 1921 புத்தாண்டு நாளில் வெளியான 'பேய்வண்டி' அவற்றில் ஒன்று. ஆண்டின் கடைசி நொடியில் சாகிறவன் அடுத்த ஆண்டு முழுவதும் சாவின் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது கதை. ஒளிப்பதிவாளர் யூலியுஸ் யேன்சன் ஒரே சுருளைத் திரும்பத் திரும்பக் கேமராவுக்குள் ஓட்டி, ஒளி ஊடுருவும் வண்டியைக் கடலலைகளின் மேல் செலுத்தினார். பேய் ஒரு பொருளுக்குப் பின்னால் போகும்போது மறைந்தும், முன்னால் வரும்போது தெரிந்தும் இருக்க வேண்டும் என்பதில் அவர் எடுத்துக்கொண்ட கவனத்தைப் பார்த்தால் வெண்திரைவாசிக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

1923இல் ஷோஸ்ட்ரோமும், 1925இல் இயக்குநர் மொரீட்ஸ் ஸ்டில்லரும் நடிகை கிரேட்டா கார்போவும் ஹாலிவுட்டுக்குப் போனார்கள். அத்தோடு அந்தப் பொற்காலம் முடிந்தது.

செந்தூவி எழுதியது:

சோவியத் பகுதிக்கு வருகிறேன். அறிக்கையும் கோட்பாடும் முந்திக்கொண்டு, படம் பின்னால் வந்த இடம் இதுவே. 1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் திரைத்தொழில் நாட்டுடைமை ஆனது. சுருள்தான் இல்லை. லெவ் குலேஷோவின் மாணவர்கள் சுருள் இல்லாமலே மேடையில் படங்களை நடித்துப் பார்த்தார்கள். பழைய படத்துண்டுகளை வெட்டி ஒட்டிப் பழகினார்கள். நடிகர் இவான் மொசுஹினின் சலனமற்ற முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்கு அடுத்து ஒட்டியபோது அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகள் தோன்றின என்ற சோதனை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அந்தத் துண்டு இன்று இல்லை. எந்தெந்தக் காட்சிகள் ஒட்டப்பட்டன என்பதில் குலேஷோவும் அவருடைய மாணவர் புதோவ்கினும் ஒன்றுபோல் சொல்லவில்லை. எனவே அதை அறிவியல் சான்றாகக் காட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. குலேஷோவின் மாணவர்கள் மாஸ்கோவில் மொசுஹினின் பழைய முகத்தை வைத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர் புரட்சியிலிருந்து தப்பிப் பாரிசுக்கு அருகே மொந்த்ரேயில் ரஷ்ய அகதிகளின் படக்கூடத்தில் நடித்துக்கொண்டிருந்தார். முல்லைப்பாணன் சொன்ன லெர்பியேயின் படம் ஒன்றிலும் பிறகு கதாநாயகனாக வந்தார்.

வெண்திரைவாசியின் கருத்துக்கு வலுச்சேர்க்கும் பெயர் ஒன்று என்னிடம் இருக்கிறது: எஸ்ஃபிர் ஷூப். வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் மக்களுக்கு ஏற்றபடி வெட்டித் திருத்துவது அவர் வேலை. 1924இல் ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூசே'யை அவர் மறுதொகுப்புச் செய்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகியவர் செர்கேய் ஐசன்ஸ்டைன். இரண்டு பாகம் கொண்ட ஜெர்மன் குற்றப் படம், அரசியல் நோக்கோடு சுருக்கப்பட்ட ஒரே படமாக வெளியே வந்தது. அந்த மேசையில் கற்றதோடு ஐசன்ஸ்டைன் 'வேலைநிறுத்தம்' எடுக்கப் போனார். 1925 டிசம்பர் 21 அன்று 'போட்டெம்கின் போர்க்கப்பல்' போல்ஷோய் அரங்கில் திரையிடப்பட்டது. அதில் வரும் ஒதெஸ்ஸா படிக்கட்டுப் படுகொலைக் காட்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் சிங்கங்களைச் சொல்கிறேன். அலுப்கா அரண்மனையில் தூங்கும் சிங்கம், விழித்த சிங்கம், எழுந்த சிங்கம் என மூன்று வெவ்வேறு பளிங்குச் சிலைகள். மூன்று குறுகிய ஷாட்டுகளை அடுத்தடுத்து ஒட்டியதும் ஒரே கல் சிங்கம் துள்ளி எழுகிறது. சிற்பி செதுக்கியது மூன்று. எழுந்து நிற்கும் ஒன்றைச் செதுக்கியது கத்தரிக்கோல்.

முல்லைப்பாணன் எழுதியது:

தோழர் செந்தூவி சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குலேஷோவ் புரட்சிக்கு முன்னர் இயக்குநர் யெவ்கேனி பவுவருக்கு அரங்கமைப்பாளராக இருந்தவர். ஐசன்ஸ்டைன் புரோலெத்குல்த் என்ற பாட்டாளிப் பண்பாட்டு அமைப்பின் நாடகங்களுக்கு அரங்கும் உடையும் வரைந்தவர். ஆகவே கலை இயக்குநரின் கை என்பது அங்கேயும் வருகிறது. ஆயினும் வரையத் தெரிந்த இருவரும் வரைவதைக் கைவிட்டு வெட்டுவதற்குப் போனார்கள் என்பதை வெண்திரைவாசி விளக்க வேண்டும். கை மட்டும் போதும் என்றால் அவர்கள் மாஸ்கோவில் ஒரு 'கலிகாரி'யை எடுத்திருக்கலாம்.

வெண்திரைவாசி எழுதியது:

விளக்குகிறேன். அவரவர் கைக்கு எது கிடைத்ததோ அதில் வேலை செய்தார்கள். மாஸ்கோவில் கிடைத்தது பழைய துண்டுகள். பெர்லினில் கிடைத்தது தச்சர்களும் ஓவியர்களும் நிறைந்த கூடம். ஜெர்மனி 1916இல் அயல்நாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தடை செய்தது; 1920 முடியும்வரை தடை நீடித்தது. உள்ளூர்த் திரையரங்குகள் முழுவதும் உள்ளூர்ப் படங்களுக்கே கிடைத்தன. 1917 டிசம்பரில் இராணுவத் தலைமையின் தூண்டுதலால் உஃபா என்ற திரைப்பட நிறுவனம் பிறந்தது. போருக்குப் பின் மார்க் நாணயம் சரியச் சரிய, வெளிநாட்டில் விற்கும் ஒரு பிரதியே பெரும் பணமாகத் திரும்பியது. அந்நியன் வாங்க வேண்டுமானால் அமெரிக்கப் படத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். 'கலிகாரி'யின் கோணல் சுவர்களைப் பொம்மர் அனுமதித்ததற்குக் கலைப்பற்றோடு இந்தக் கணக்கும் காரணம்.

பாரிசில் அத்தகைய பெருங்கூடம் இல்லை. பெரிய பிரெஞ்சுப் பட நிறுவனங்களான பாதேயும் கோமோனும் போருக்குப் பின் தயாரிப்பிலிருந்து மெல்ல மெல்லப் பின்வாங்கின. சிறு முதலீட்டாளர்களை நம்பிய எப்ஸ்டீன்களுக்குக் கையில் இருந்தது கேமராவும் தெருவும் ராட்டினமும்.

இன்னொரு சான்று. 'கலிகாரி'யின் ஹெர்மன் வார்ம், எட்டாண்டு கழித்துப் பாரிசில் டென்மார்க் இயக்குநர் டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்துக்கு ழான் ஹூகோவுடன் அரங்கமைத்தார். ஒரு கோட்டையையே கட்டினார்கள். வானத்தின் வெண்மையிலிருந்து பிரிந்து சாம்பல் நிறமாகப் பதியவேண்டும் என்பதற்காகச் சுவர்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசினார்கள். டிரையர் ஜோனாக நடித்த ஃபல்கொனெத்தியின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார். பெருஞ்செலவில் எழுப்பிய கோட்டை திரையில் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. தயாரிப்பாளர்கள் வருந்தினார்கள். ஆனால் அந்தச் சுவரின் சாய்வும் சன்னலின் சமமின்மையும் முகங்களுக்குப் பின்னால் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

சுருள்பெட்டி எழுதியது:

அந்தப் படத்தில் முகப்பூச்சே இல்லாமல் நடிக்க முடிந்ததற்குப் பான்குரோமேட்டிக் சுருள்தான் காரணம். எல்லா நிறங்களையும் உணரும் அந்தச் சுருள் வந்ததால் தோலின் சுருக்கமும் மருவும் அப்படியே பதிந்தன. ருடால்ஃப் மாத்தேயின் ஒளிப்பதிவை இன்று பார்த்து வியக்கிறோம். ஐந்தாண்டு முன்னதாக அதை எடுக்க முயன்றிருந்தால் நடக்காது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பணக்கணக்கு ஓரளவுக்குத்தான் விளக்கும் என்பதையும் பதிவு செய்கிறேன். மலிந்த மார்க்கும் அடைபட்ட சந்தையும் அக்காலத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான சாதாரணத் துப்பறியும் படங்களுக்கும் பொதுவானவை. அவற்றில் எதுவும் 'கலிகாரி' ஆகவில்லை. முடிவை விளக்குவதற்கு மட்டும் பணக்கணக்கு நன்றாகவே உதவுகிறது. 1923 நவம்பரில் நாணயம் நிலைப்பட்டது. ஏற்றுமதியின் ஆதாயம் போயிற்று. அமெரிக்கப் படங்கள் உள்ளே நுழைந்தன. 1925 டிசம்பரில் உஃபா, பாரமவுண்ட்டிடமும் மெட்ரோ-கோல்ட்வினிடமும் கடன் வாங்கியது. லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படம் செலவை ஏற்றியது. 1927இல் நிறுவனம் பத்திரிகை அதிபர் ஹூகன்பெர்க்கின் கைக்குப் போனது. அதற்குள் முர்னாவும் லேனியும் கடல் கடந்துவிட்டார்கள். ஃபிராய்ண்ட் பின்னால் போய் ஹாலிவுட்டில் 'டிராகுலா'வை ஒளிப்பதிவு செய்தார்.

புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 'கலிகாரி'யை இணையத்தில் பல பிரதிகளில் காண்கிறேன். எதைப் பார்ப்பது?

சுருள்பெட்டி எழுதியது:

முர்னாவ் அறக்கட்டளை புதுப்பித்து 2014 பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட பிரதியைப் பாருங்கள். பழைய பிரதிகளில் நிழல் எது, அழுக்கு எது என்றே பிரித்தறிய முடியாது. புதுப்பித்ததில் தூரிகை இழுத்த தடமும் தெரிகிறது. எழுத்து அட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கோணல் எழுத்துகளும் அரங்கமைப்பின் பகுதியே. மருத்துவர் பைத்தியமாகும் தெருக்காட்சியில் 'நீ கலிகாரி ஆக வேண்டும்' என்ற சொற்கள் மரத்தைச் சுற்றியும் சுவரின் மேலும் காற்றிலும் தோன்றும். படம் வருவதற்கு முன் பெர்லின் நகரெங்கும் விளம்பரமாக ஒட்டப்பட்டதும் இதே வாசகம்தான்.

மூல நெகட்டிவில் முதல் அங்கம் மட்டும் காணாமல் போய்விட்டது. அந்தப் பகுதியை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். ஆகவே தொடக்கம் சற்று மங்கலாக இருந்தால் உங்கள் கணினியின் மேல் பழி போடவேண்டாம். இரண்டாம் அங்கம் தொடங்கியதும் படம் தெளியும்.